சார் எந்தக் காலை நொண்டுகிறார்?

ஜூன் 3, திங்கள்

வாரத்தின் முதல் போனே வாஷிங் மெஷின். ஆடுகிறதாம். ஆடி ஆடிக் குளியலறையிலிருந்து கூடத்துக்கே வந்துவிட்டதாம். புதிதாகச் சேர்ந்த பெண், "நீங்களே ஏதாவது கழட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். "ஐயோ, நான் தொடவே இல்லீங்க" என்றார் அந்த மனிதர். நான் போனை வாங்கி, "எந்த ஸ்க்ரூடிரைவரால கழட்டினீங்க? சின்னதா, பெரிசா?" என்றேன். "சின்னதுதாங்க" என்றார்.

புகார் மேசையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து நான் கற்றது இது ஒன்றுதான். செய்தீர்களா என்று கேட்டால் உலகத்தில் யாரும் எதையும் செய்யவில்லை. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

மாலை வீட்டுக்கு வந்தபோது சார் வழக்கம்போல் ஓடி வரவில்லை. நடந்து வந்தான். அதுவும் இடது முன்காலைத் தாங்கித் தாங்கி. முள் ஏதாவது குத்தியிருக்கும்.

ஜூன் 5, புதன்

முள் இல்லை. டார்ச் அடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். நகமும் சரியாக இருக்கிறது. வீக்கம் இல்லை. ஆனால் நொண்டுகிறான்.

வீட்டில் யாரிடம் சொல்ல? இந்த வீட்டில் சாருக்கு நான் மட்டும்தானே. ஆபீஸ் ஸ்டோர்காரர் வீட்டு நாய் போட்ட குட்டியை நான் கூடையில் தூக்கிக்கொண்டு வந்த அன்று நடந்த களேபரத்தை மறக்க முடியுமா? இவர் சொன்னார்: "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." (இருவரும் இருக்கிறார்கள்.) அத்தை, "நான் அதுக்குத் தட்டெடுத்து வைக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். நாத்தனார், "என் கார்ல ஒரு முடி விழுந்தாலும் பாருங்க அண்ணி" என்றாள். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள், யாரையும் மிரட்டியே பழக்கம். பெயர் வைக்கக்கூட ஒருவரும் ஒத்துழைக்கவில்லை. இவர்தான் நக்கலாக, "சார் எழுந்துட்டாரா? சாருக்குக் காபி ஆச்சா?" என்று ஆரம்பித்தார். அதுவே பெயராகிவிட்டது.

இன்று அத்தையிடம், "சார் நொண்டுறான் அத்தை" என்றேன். "நாய்னா நொண்டும்" என்றார், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கல் நெஞ்சக்காரர்கள்.

ஜூன் 8, சனி

தெருமுனை கால்நடை டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், ஆனால் கை பொறுமையான கை. நடக்கவிட்டுப் பார்த்தார், மடக்கி நீட்டிப் பார்த்தார். "சுளுக்கா இருக்கலாம். ஓடவிடாதீங்க. வலி குறைய மருந்து தர்றேன்" என்றார்.

ஓடவிடாமல் எப்படி? ஏழு மாதத்தில் கன்றுக்குட்டி உயரம் வந்துவிட்டான். வளர்கிற ஜாதி. அதனால்தான் நாய்ச் சாப்பாட்டுக் கடைக்காரர் முதல் நாளே சொன்னார், "பெரிய ஜாதி, எலும்புக்குப் பலம் வேணும், கால்சியம் தூள் தினம் ஒரு ஸ்பூன்" என்று. அன்றிலிருந்து தவறியதே இல்லை. இப்போது நொண்டுகிறான் என்றதும் நானே இரண்டு ஸ்பூனாக்கிவிட்டேன். எலும்புதானே எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

டப்பா சீக்கிரம் காலியாகிறது. கடைக்காரன் அளவு குறைத்துப் போடுகிறானோ என்னவோ.

ஜூன் 12, புதன்

மருந்து இருந்தவரை நன்றாக நடந்தான். தீர்ந்தது, மறுபடி நொண்டல்.

இன்று இவரோடு பெரிய சண்டை. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்தவர், லிப்ட் கிரீஸ் அப்பிய கையோடு நின்றுகொண்டே, "சாருக்கு வலது முன்கால்ல ஏதோ" என்றார்.

"இடதுங்க. டாக்டரே பார்த்தாச்சு."

"நான் இப்ப பாத்தேன். வலது."

"உங்களுக்கு நாயைப் பாக்கவே பிடிக்காதே, காலை மட்டும் எப்படிப் பாத்தீங்க?"

மனிதர் நேராகக் குளிக்கப் போய்விட்டார். லிப்ட்டில் மேலே கீழே பார்த்துப் பார்த்து இடம் வலம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

ஜூன் 15, சனி

மனசு சரியில்லை.

சின்ன டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, இடது முழங்கை மூட்டில் சந்தேகம் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த சர்ஜன் படத்தை விளக்கில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "மூட்டுக்குள்ள ஒரு சின்னத் துண்டு உடைஞ்சிருக்கலாம். படத்துல தெளிவா இல்ல. திறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். 27ஆம் தேதி, வியாழக்கிழமை என்று ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார். நல்ல மனிதர்தான், மறைக்காமல் சொன்னார்: அந்தக் கால் பழையபடி மடங்காமலே போகவும் வாய்ப்பு உண்டு. செய்யாமல் விட்டால், உண்மையிலேயே துண்டு இருந்தால், மூட்டு முழுக்கக் கெட்டுவிடும்.

திறந்து பாக்கறதாம்! எங்க ஆபீஸ்ல ஒரு மெக்கானிக் "என்னன்னு தெரியல, திறந்து பாக்கறேன்"னு சொன்னா விடுவோமா? இது மெஷின்கூட இல்லையே. ஏழு மாசக் குழந்தை. ஓடறதைத் தவிர அதுக்கு வேற என்ன தெரியும்?

திரும்பி வரும்போது நாத்தனார்தான் காரை ஓட்டினாள். பின்சீட்டில் சாரின் தலை என் மடியில். முடி கொட்டியதைப் பற்றிக்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அத்தை சொல்கிறார், பின்கால்தான் நொண்டுகிறதாம்.

கைகூப்பிவிட்டேன். ஆளுக்கொரு கால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 19, புதன்

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

காலையில் குப்பைக்கூடையை வெளியே வைக்கப் போனேன். சார் என் பின்னாலேயே வந்தான். பின்னங்கால், வலது பின்னங்கால், தரையில் படாமல் கெந்திக் கெந்தி வந்தான். இடது முன்காலை ராஜா மாதிரி ஊன்றினான். நான் சத்தியம் செய்த இடது முன்கால்! 27ஆம் தேதி திறந்து பார்க்கப் போகிற அதே கால்!

கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு அவனை நடக்கவிட்டு நடக்கவிட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. அப்படியானால் அத்தை சொன்னது சரி. இவர் சொன்ன வலது முன்காலும் சரிதானோ? மூட்டுக்குள் துண்டு உடைந்திருந்தால் அது அதே மூட்டில் அல்லவா இருக்க வேண்டும்? அது எப்படி ஊர் சுற்றும்?

ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று புகார் சொன்னால் மூன்று பேரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்று பேரும் உண்மை சொன்னால்?

ஜூன் 20, வியாழன்

ஆபீசில் அரைநாள் லீவு போட்டேன். பாயை விரித்து சாரைப் படுக்க வைத்து, அவனுக்குப் பிடித்த மாதிரி வயிற்றைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு மூட்டாக மடக்கினேன். முழங்கை: சும்மா இருந்தான். தோள்: கொட்டாவி விட்டான். பின்கால் முட்டி: என் கையை நக்கினான். எந்த மூட்டிலும் வலி இல்லை.

பிறகு மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவில், நீள எலும்பின் மேலே, கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டு போனேன். வலது தொடையில் பாதி வழி போனதும் வீல் என்று கத்தி, என் கையைப் பல்லில் பிடித்துக்கொண்டான். கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டு, "வேண்டாம்" என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

அழுதுவிட்டேன். அழுகையோடு ஒரு சந்தோஷமும். கண்டுபிடிச்சுட்டேன்டா சாரு. மூட்டு இல்லடா, எலும்பு.

ஜூன் 21, வெள்ளி

சின்ன டாக்டரிடம் கடகடவென்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டார். தானும் அழுத்திப் பார்த்தார். அதே இடத்தில் அதே வீல். உடனே நீள எலும்புகளையெல்லாம் எக்ஸ்ரே எடுத்தார்.

"இங்க பாருங்க. எலும்புக்கு உள்ள பனி மூட்டம் மாதிரி வெள்ளையா இருக்கா? தொடையில ஒண்ணு, இந்த வலது முன்கால்ல பழசா ஒண்ணு ஆறிக்கிட்டு இருக்கு. வேகமா வளர்ற பெரிய ஜாதிக் குட்டிக்கு வர்ற எலும்பு வலி. ஒரு கால் விட்டு ஒரு கால் மாறும். அன்னிக்கு நான் மூட்டை மட்டும்தான் படம் எடுத்தேன். கால் மாறுதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா அப்பவே யோசிச்சிருப்பேன்."

சொல்லியிருக்கலாம். இவர் சொன்னதை நான் கேட்டிருந்தால்.

"அப்போ ஆபரேஷன்?"

"நானே சர்ஜன்கிட்ட பேசறேன்." என் எதிரிலேயே பேசினார். தேதியைத் தள்ளி வைத்து மூன்று வாரம் பார்க்கலாம், குறையவில்லை என்றால் மூட்டைத் திறந்தே ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. போனை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "என்ன சாப்பாடு குடுக்கறீங்க? சத்து ஏதாவது? வளர்ற குட்டிக்குச் சத்தும் கால்சியமும் அதிகமாப் போனா எலும்பு தாங்காது."

"தூள்... ரெண்டு ஸ்பூன்."

"ரெண்டா? உடம்பைப் பாத்தா அதுக்கும் மேல இருக்கும்போல இருக்கே. வீட்ல வேற யாராவது குடுக்கறாங்களா?"

"எங்க வீட்லயா? அவங்க யாரும் அவனைத் தொடவே மாட்டாங்க டாக்டர்."

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போதுதான் என் காதிலேயே அது விழுந்தது. தொடவே மாட்டாங்க. தினமும் போனில் நான் கேட்கிற அதே வசனம்!

ஜூன் 22, சனி

வெற்றி! வெற்றி! எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மத்தியானம் நான்கு பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். மாதத்தில் ஒரு நாள் அமைகிற சங்கதி. சார் மேசைக்கடியில். நான் யாரையும் பார்க்காமல், எதையோ நினைத்துக்கொண்டவள்போல் இவரைக் கேட்டேன்:

"ஏங்க, தூளைப் பால்ல கலந்தா அடியில தங்கிடுதே, நீங்க எப்படிக் கலக்கறீங்க?"

"பால் வெதுவெதுன்னு இருக்கணும். நான் வந்தவுடனே சுட வச்சு—"

நிறுத்தினார். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் முழித்தார். அத்தை சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! "நாயைத் தொட மாட்டேன்னியேடா! விடியக்காலையில பால் காய்ச்சிக் குடுக்கறியா? எனக்கு ஒரு நாள் குடுத்திருப்பியா?"

நான் சிரிக்கவில்லை. திரும்பி, "அத்தை, உங்க முட்டிவலி மாத்திரையை முழுசா குடுக்கறீங்களா, பொடிச்சா?" என்றேன்.

"பொடிச்சுத்தான். முழுசாக் குடுத்தா துப்பிடறான்."

அடுத்த கணம் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது கால்சியம் மாத்திரை. "எனக்கு அதைப் போட்டப்புறம்தானே நடக்க முடிஞ்சுது? அவன் நொண்டறதைப் பாக்க முடியல. என்னோடதைத்தானே குடுத்தேன்" என்றார், குரல் இறங்கி.

நாத்தனார் அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தாள். "உக்காரு. உன் கார்ல இருக்கற எலும்பு பிஸ்கட் சாருக்கு எந்த ருசி பிடிக்குது?"

"கோழி ருசி அண்ணி" என்று தலையைக் குனிந்தபடி சொன்னாள். "ரிவர்ஸ் கத்துக்குடுக்கப் போகும்போது பின்சீட்ல கூட்டிட்டுப் போவேன். கத்துக்கறவங்க பயம் தெளியுது."

காரில் ரிவர்ஸ்! என் சார்! எனக்குத் தெரியாமல் ஊரே சுற்றி வந்திருக்கிறான்!

பிறகுதான் இவர் மெதுவாகக் கேட்டார்: "நீ எவ்வளவு போட்ட?"

"...ரெண்டு ஸ்பூன்."

"கடைக்காரர் சொன்னது?"

நான் தண்ணீர் குடித்தேன்.

டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் சொன்னேன். நொண்டுகிறான் என்று பாவம் பார்த்து நால்வரும் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டோம். போட்டதால் இன்னும் நொண்டினான். இன்னும் நொண்டியதால் இன்னும் போட்டோம். அவன்மேல் அன்பு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த வீறாப்புக்காக ஒரு குட்டி கத்திக்குக் கீழே படுத்திருக்கும்.

"அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு" என்றார் அத்தை, வேறு யாரோ செய்ததுபோல்.

இவரிடம் தனியாகச் சொன்னேன்: வலது முன்கால்தான், நீங்க சொன்னது சரி. "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொல்லவில்லை. ஒரு தடவை போதும்.

ஜூன் 24, திங்கள்

தூள் டப்பா, பிஸ்கட் எல்லாம் குப்பைக்குப் போயின. சார் கூடைக்குப் பக்கத்தில் துக்கம் விசாரிக்க வந்தவன்போல் உட்கார்ந்திருந்தான்.

ஜூன் 27, வியாழன்

இன்று அவனை அறுத்திருப்பார்கள். அறுக்கவில்லை. வாசலில் படுத்துக்கொண்டு ஈயை வாயால் பிடிக்கப் பார்த்தான். கிடைக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

மறுபடி. இடது பின்கால்.

சின்ன டாக்டருக்குப் போன் செய்தேன். "நான்தான் மாறும்னு சொன்னேனே. நிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு தடவை வரும். அளவுச் சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான்" என்றார். அத்தை மட்டும், "ஒருவேளை பெரிய டாக்டர் சொன்னதுதான் சரியோ?" என்றார். கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கோபத்துக்குக் காரணம், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழுத்திப் பார்த்தேன். எலும்பின் நடுவில்தான் வலி. மூட்டு பொம்மைபோல் மடங்கியது. என்னை நானே நம்ப வேண்டும்.

ஜூலை 6, சனி

இப்போதெல்லாம் வீட்டில் புதுச் சண்டை. அளந்த சாப்பாட்டை யார் வைப்பது? காலைக்கு இவர் உரிமை கொண்டாடுகிறார். "நான் ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ அவன் முகத்துலதான் முழிக்கணும்" என்கிறார். மாலைக்கு அத்தை. நாத்தனாருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றதும் அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கூடையில் கொண்டுவந்தவள் நான். எனக்கு ஒரு வேளையும் இல்லை.

நொண்டல் பாதியாகக் குறைந்திருக்கிறது. இதை இவர் மட்டும் சொல்லவில்லை, அத்தை மட்டும் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒரே காலைச் சொன்னார்கள். அதுவே முன்னேற்றம்.

ஜூலை 10, புதன்

நொண்டவில்லை.

ஜூலை 11, வியாழன்

இன்றும் நொண்டவில்லை. சத்தமாகச் சொல்ல பயம்.

ஜூலை 13, சனி

சர்ஜனிடம் போனோம். போனோம் என்றால் நால்வரும். காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு நாய்க்கு இத்தனை பேரா என்று மற்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சர்ஜன் சாரை நடக்கவிட்டார், திரும்பவிட்டார், படியேற்றி இறக்கினார். அழுத்தினார். சார் அவர் கடிகாரப் பட்டையை நக்கினான். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, "மூட்டு சுத்தமா இருக்கு. திறந்திருந்தா தேவையில்லாமத் திறந்திருப்பேன்" என்றார். பெரிய மனிதர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "யாருங்க எலும்பை அழுத்திப் பாத்தது?"

நான் கையைத் தூக்குவதற்குள் அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "எங்க வீட்டு மருமக. புகார் ஆபீஸ்ல இருக்கா. இவகிட்ட யாரும் ஒளிக்க முடியாது."

கல்யாணமானதிலிருந்து அத்தை என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதுவும் நாயால். பரவாயில்லை, வந்த வழி எதுவானால் என்ன?

ஜூலை 28, ஞாயிறு

ஓட அனுமதி கிடைத்த பிறகும் நாங்கள் கயிற்றை விடவில்லை. பயம்தான்.

இன்று மத்தியானம் கேட்டைப் பலமாகத் தட்டும் சத்தம். எதிர்வீட்டுப் பல் டாக்டர். ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால். முகம் சிவந்திருந்தது.

"என்னம்மா நாய் வளக்கறீங்க? வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கேன், வந்து ஒத்தைச் செருப்பைக் கவ்விக்கிட்டு ஓடிடுச்சு!"

திரும்பிப் பார்த்தேன். கயிறு தரையில் கிடந்தது. கழுத்துப்பட்டை அதன் நுனியில் காலியாக. உள்ளேயிருந்து மூன்று பேரும் ஓடி வந்தார்கள்.

"ஓடிச்சா?" என்றேன்.

"ஓடிச்சுங்க!"

"எப்படிங்க ஓடிச்சு?"

"எப்படின்னா?" மனிதர் குழம்பிப்போனார். "என்னம்மா கேள்வி இது? நானும் பின்னாடியே ஓடினேன், தெருமுனை வரைக்கும்கூட வர முடியல. நாலு கால்ல பறக்குது! அந்தப் பள்ளிக்கூடச் சுவரை ஒரே தாவா தாவிடுச்சு!"

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் இவர்.

அத்தை கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் பல் டாக்டருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். பாவம், அவர் எங்களை ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ புகார் வாங்கியிருக்கிறேன். யாரையும் முழுசாகப் பேசவிட்டதில்லை. பல் டாக்டரை மட்டும் முதலிலிருந்து கடைசிவரை, சுவர் எவ்வளவு உயரம் என்பதுவரை, சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

சார் சாயங்காலம் தானாகவே வந்தான், உடம்பெல்லாம் சேறோடு. செருப்பு வரவில்லை. நாளை புது ஜோடி வாங்கிக் கொடுக்க வேண்டும்.